புதுப்பிப்பு: குழுப் பயிற்சி முடிந்து மூன்று மாதம் ஆகிறது

புதிதாகக் குழுத் தலைவர் பொறுப்பு, எட்டுப் பேர், கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, நிர்வாகம் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறது, பயன் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பயிற்சியில் வைத்த குழு விளையாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் திங்கட்கிழமை கூட்டத்தில் அதே மௌனம். எனக்கு உதவியது பயிற்சியில் பேசிய ஒரே ஒரு விஷயம்: ஹார்வர்ட் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் எழுதிய ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்து, அதாவது தவறை ஒப்புக்கொண்டாலோ சந்தேகம் கேட்டாலோ யாரும் மட்டம் தட்டமாட்டார்கள் என்று குழுவில் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கை. எங்களிடம் அது இல்லை, அதற்குப் பெரிய காரணம் நான்தான். யாராவது சிக்கலைச் சொன்னால் அடுத்த நொடியே தீர்வையும் நானே சொல்லிவிடுவேன்.

இப்போது வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசுகிறேன். க்ரோ (GROW) என்று ஒரு வழிகாட்டல் முறை, தீர்வைச் சொல்லாமல் கேள்வி கேட்டே அவரை யோசிக்க வைப்பது; அதன்படி நான்கே கேள்வி: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறீர்கள். பதில் வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். அப்புறம், கூட்டத்தில் என் தவறை முதலில் நானே சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவது வாரம், அதிகம் பேசாத ஒருவர் எல்லார் முன்னாலும் “இந்தக் கெடுவுக்குள் முடியாது” என்றார். அவர் சொன்னது சரி, தேதியை மாற்றினோம். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது இரண்டு பேர் வெளிப்படையாக மோதிக்கொள்கிறார்கள், குழு வளரும் கட்டங்களைப் பற்றி உளவியலாளர் ப்ரூஸ் டக்மன் 1965-இல் சொன்னதில், கருத்து மோதல்கள் வெளியே வரும் கொந்தளிப்புக் கட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் அடக்கவில்லை, பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால் மட்டும் நிறுத்துகிறேன். அடுத்த வாரம் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசப் போகிறேன்.