அக்காவின் கணக்கிலிருந்து மூன்று தடவை பணம் போயிருக்கிறது. "நீங்களாகத்தானே கொடுத்தீர்கள்" என்கிறது வங்கி. அவ்வளவுதானா?

கரந்தை அஞ்சல்காரர் (கேள்வி)

முப்பத்தொரு வருடம் அஞ்சலகக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். மணியார்டர் படிவத்தில் ஒரு சுழி கூடியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பெருமையெல்லாம் போன வியாழக்கிழமை காலையோடு போயிற்று.

அக்காவுக்கு 68 வயது. பாபநாசத்தில் தனியாக இருக்கிறார். அத்தானின் குடும்ப ஓய்வூதியம் வருகிற கணக்கு ஒன்றுதான் அவருக்கு. புதன்கிழமை இரவு ஏழே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "கடந்த மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அலுவலரை அழைக்கவும்." கீழே ஒரு கைபேசி எண். கெட்ட நேரம் பாருங்கள், அன்று சாயங்காலம் ஐந்து நிமிடம் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அக்கா நம்பிவிட்டார்.

அவர் ஏமாளி இல்லை. கட்டணம் 742 ரூபாயைக் கவுன்டரில் கட்டி, ரசீதைப் பிள்ளையார் காலண்டரின் பின்னால் செருகி வைத்திருந்தார். போனில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அவன் மறுக்கவே இல்லை. "நீங்கள் கட்டியது எனக்குத் தெரிகிறது அம்மா, கணினியில்தான் ஏறவில்லை. பத்து ரூபாய் மட்டும் செலுத்தினால் ஏறிவிடும்" என்றானாம். எனக்கு வந்திருந்தாலும் இந்த இடத்தில் நானும் சறுக்கியிருப்பேன். 742 ரூபாயை மறுபடி கட்டு என்று சொல்லியிருந்தால் அக்கா சண்டைக்குப் போயிருப்பார். பத்து ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்கள்?

ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறான். அழுத்தியதும் "இது ஆபத்தானதாக இருக்கலாம்" என்று போனே எச்சரித்திருக்கிறது. "எல்லாருக்கும் அப்படித்தான் வரும் அம்மா, மேலே போங்கள்" என்றானாம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். பிறகு மின்வாரியச் சின்னத்தோடு ஒரு பக்கம். பெயர், கார்டு எண், பின்பக்கத்து மூன்று எண், ஏடிஎம் ரகசிய எண், எல்லாம் போட்டதும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. "சர்வர் மெதுவாக இருக்கிறது, காலைக்குள் சரியாகிவிடும், தூங்குங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கா ஒன்பதரை வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு அணையவில்லை என்ற நிம்மதியில் படுத்திருக்கிறார்.

காலையில் அந்தப் பத்து ரூபாயைப் பிடித்தார்களா என்று பார்க்கத்தான் இருப்பைத் திறந்திருக்கிறார். 94,022 இருக்க வேண்டிய இடத்தில் 19,122 இருந்தது. இரவு 8.11-க்கு 49,900, 8.26-க்கு 25,000. இரண்டுக்கும் குறுஞ்செய்தி எதுவும் அவர் கண்ணில் படவில்லை. என்னை அழைத்து அழுதார். கார்டின் பின்னால் இருக்கும் வங்கி எண்ணை முதலில் கூப்பிடச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் 7.14-க்கு இன்னொரு 18,500 போய்விட்டது. மிச்சம் 622 ரூபாய்.

எட்டே முக்காலுக்கு, இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்துப் புகார் பதிந்தோம். பத்தரைக்குக் கிளைக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கார்டு எண்ணை நீங்களாகத்தானே கொடுத்தீர்கள்? வங்கி ஒன்றும் செய்ய முடியாது, போலீஸில் சொல்லுங்கள்." அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை." அது உண்மை. அந்தப் பாடத்தை அவர் நன்றாகவே படித்திருந்தார்.

கேள்வி இரண்டு. வங்கி சொன்னது சரிதானா? அந்தப் போனை என்ன செய்வது?

உண்மை விளம்பி

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 68 வயதில் தனியாக இருப்பவருக்கு ஸ்மார்ட்போன் எதற்கு? ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கரந்தை அஞ்சல்காரர்

அக்காவின் பேரன் மஸ்கட்டில் இருக்கிறான். தினமும் இரவு எட்டரைக்கு முகம் பார்த்துப் பேசுவான். பட்டன் போனில் முகம் தெரிந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

பழைய பேரேடு

ஐயா, நான் வங்கியில் 27 வருடம் இருந்தவன்; கடைசி ஆறு வருடம் கிளை மேலாளர். அந்த நாற்காலியிலிருந்து இதே பதிலை நானும் ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் அது பாதி பதில்தான் என்பது எனக்குத் தெரியும்.

93,400 போயிற்று என்று ஒரே தொகையாகப் பேசாதீர்கள். மூன்று பற்று, மூன்று நேரம். 6.7.2017 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. ஆகவே முதல் இரண்டு பற்றுக்கும் வங்கி கையை விரிக்கலாம். மூன்றாவதற்கு அப்படி விரிக்க முடியாது, அக்கா 7.14-க்கு முன்னால் வங்கியை அழைத்திருந்தால்! அவருடைய போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, மணி என்ன, எத்தனை நிமிடம் பேசினார் என்று பாருங்கள். அந்தத் திரையை வேறொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைத்த பிறகும் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். என் ஊகம் இது. அக்கா "கார்டை நிறுத்துங்கள்" என்று சொல்லியிருப்பார், அவர்களும் கார்டை மட்டும் நிறுத்தியிருப்பார்கள். கார்டு எண், ஏடிஎம் ரகசிய எண், ஓடிபி மூன்றும் கையில் இருந்தால் பல வங்கிகளில் இணைய வங்கிச் சேவைக்குப் புதிதாகவே பதிந்துகொள்ளலாம். அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்படி நடந்தால் "கார்டை நிறுத்துங்கள்" என்று சொல்லாதீர்கள். "என் கணக்கில் எந்தப் பற்றும் போகக் கூடாது, எல்லா வழியையும் அடையுங்கள்" என்று சொல்லுங்கள்.

முதல் இரண்டு பற்றையும் சும்மா விட்டுவிட வேண்டாம். அக்கா இதற்கு முன் அந்தக் கார்டை இணையத்தில் பயன்படுத்தியிருக்கிறாரா? இல்லையென்றால் 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி அது ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் வேலை செய்திருக்க வேண்டும். இணையத்தில் பயன்படுத்துவதற்கான அனுமதி என்று, எத்தனை மணிக்கு, எந்தக் கருவியிலிருந்து திறக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். இணைய வங்கிப் பதிவு அன்றிரவுதான் நடந்ததா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையை அதே சுற்றறிக்கை வங்கியின் தலையில்தான் வைத்திருக்கிறது. வாய்ப் பேச்சே வேண்டாம். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு செலவில்லை. வழிகேட்க 14448.

பீஸ் கட்டை

மின்வாரியத்தில் கம்பியாளராக இருப்பவன். இந்தச் செய்தியால் எங்களுக்கும் வசவு விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

கட்டணம் கட்டாதவர் வீட்டில் பீஸ் கட்டையை உருவப் போகிறவன் நான்தான். இத்தனை வருடத்தில் இரவு ஒன்பதரைக்கு யார் வீட்டுக்கும் போனதில்லை. அந்த நேரத்தில் புயலடித்துக் கம்பி அறுந்து கிடந்தால் போவோம், அவ்வளவுதான். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறது. கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "கடந்த மாதக் கட்டணம்" என்று எழுதியிருந்ததே, அதிலேயே வெளியூர்க்காரன் எழுதியது என்று தெரிந்துவிடுகிறது.

அந்தச் செய்தியை இன்னொரு தடவை பாருங்கள். அக்காவின் இணைப்பு எண் அதில் இருக்காது. எங்களிடமிருந்து போவது என்றால் வெள்ளை அட்டையில் இருக்கிற அந்த எண்ணோடுதான் போகும். ஒன்பதரை என்று ஏன் போடுகிறான் என்றால், ஏழே முக்காலுக்குப் பிரிவு அலுவலகம் பூட்டியிருக்கும். போய்க் கேட்க முடியாது. எங்கள் புகார் மையமான மின்னகம் இரவிலும் எடுக்கும், 94987 94987. இதை அக்காவின் மின்பெட்டிக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

திருகாணி

போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து போன் இப்படி வருகிறது. மின்கட்டணம் மட்டும் இல்லை அண்ணா, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று விதவிதமான பெயரில் வரும். பெயர் எதுவானாலும் கடைசியில் "ஏபிகே" என்று முடியும். பத்திரிகை படமாக வரும், இல்லையென்றால் பிடிஎஃப் கோப்பாக வரும். ஏபிகே என்றால் அது செயலி. பத்திரிகை எதற்குச் செயலியாக வருகிறது?

அக்கா ஓடிபி சொல்லவில்லை என்பது சரிதான். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. குறுஞ்செய்தி படிக்க அனுமதி கிடைத்ததும், வருகிற ஓடிபியை எல்லாம் அந்தச் செயலி அவனுக்கு அனுப்பிவிடும். சில செயலிகள் அக்காவின் திரையில் வராமலும் மறைத்துவிடும். பணம் போன செய்தி அவருக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

முதல் வேலை, விமானப் பயன்முறையைப் போடுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள் (மேலே ஒருவர் சொன்னதற்கு இந்த அளவுக்குப் பயன் உண்டு). அதிலிருந்து ##002# அழுத்துங்கள்; அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் நீங்கிவிடும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் தெரியாதது ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். சைபர் கிரைம் போலீஸார் போனைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் தொழிற்சாலை மீட்டமைப்பு, அதாவது போனை முழுக்க அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. அவசரப்பட்டு முன்னாலேயே அழித்துவிட்டால் சாட்சியும் போய்விடும். செயலியை மட்டும் நீக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐகானே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அக்காவின் எண்ணிலிருந்து உறவினர்களுக்கு ஏதாவது கோப்பு போயிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கரந்தை அஞ்சல்காரர்

போயிருக்கிறது. கும்பகோணத்துச் சம்பந்தி வீட்டுக்கு அக்கா பெயரில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததாம். "உங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம்?" என்று அவர்கள் போன் செய்து கேட்டதால் பிழைத்தார்கள். அக்கா இருபத்தெட்டுப் பேருக்கு உட்கார்ந்து போன் செய்து, "என் பெயரில் எது வந்தாலும் திறக்காதீர்கள்" என்று சொல்லி முடித்தார். நடந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர், பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது கதையைச் சுருக்கவே கற்றுக்கொண்டுவிட்டார்.

கரந்தை அஞ்சல்காரர் (பதினேழு நாள் கழித்து)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அழைப்புப் பட்டியலில் 6.52 இருந்தது. ஆறு நிமிடம் பேசியிருக்கிறார். பேரேடு ஐயா ஊகித்தது அப்படியே. "கார்டை நிறுத்துங்கள்" என்றுதான் அக்கா சொன்னாராம், கார்டு மட்டும்தான் நின்றிருக்கிறது. 18,500 போனது இணைய வங்கி வழியாக.

மனுவை இரண்டு நகலாக எடுத்துப் போனேன். அதே அதிகாரிதான். "இதெல்லாம் எதற்கு சார்" என்றார். ஒன்றும் பேசாமல் முத்திரை குத்த வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தியவனிடம் முத்திரை இல்லாமல் தப்ப முடியாது. ஒன்பதாம் வேலை நாளில் 18,500 கணக்கில் வரவு வைக்கப்பட்டது. விசாரணை முடியும் வரை எடுக்க முடியாதாம். 25,000 போய்ச் சேர்ந்த கணக்கில் 11,300 முடக்கப்பட்டிருப்பதாகச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் சொன்னார்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை. இரவிலேயே 1930-ஐ அழைத்திருந்தால் முழுவதும் நின்றிருக்கலாம் என்று எழுத்தர் சொன்னார். அக்கா பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கார்டை அக்கா இதுவரை மளிகைக் கடை இயந்திரத்தைத் தவிர வேறெங்கும் தேய்த்ததில்லை. இணைய அனுமதி புதன் இரவு 8.04-க்குத் திறக்கப்பட்டதாக வங்கியே எழுத்தில் கொடுத்திருக்கிறது. எந்தக் கருவி என்பதற்குப் பதில் இல்லை. இப்போது எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தால்தான் மனு மேலே போகும் என்கிறார்கள் வங்கியில். எங்களிடம் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் கொடுக்கும் ரசீது, மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பழைய பேரேடு

8.04 என்று அவர்கள் எழுதிக்கொடுத்த தாளைப் பத்திரமாக வையுங்கள், இந்தக் கோப்பில் உங்களுக்குச் சாதகமான பெரிய தாள் அதுதான். நான் இருந்தபோது 1930 ஒப்புகை எண்ணும் சி.எஸ்.ஆர். நகலும் இருந்தாலே கோப்பைத் தொடங்குவோம். எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்றால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த மனுவுக்கும் இரண்டு நகல்.