டிஸ்டார்ஷன்: சிதைவா, நழுவலா?

குழுவினர்க்கு வணக்கம்.

பிள்ளைகளின் உச்சரிப்புப் பிழைகளைப் பேச்சுப் பயிற்சியாளர் வகுப்பில் நான்காகப் பிரித்துச் சொல்லித்தருகிறோம். மூன்றுக்குச் சொல் தேடவே வேண்டாம். நன்னூல் புணர்ச்சிக்குச் சொன்ன தோன்றல் (ஒலி கூடுவது), திரிதல் (வேறொன்றாக மாறுவது), கெடுதல் (விடுபடுவது) அப்படியே பொருந்துகின்றன. காக்காவைத் 'தாத்தா' என்றால் திரிதல். சட்டையை 'அட்டை' என்றால் கெடுதல். 'மொழி மூவிடத்தும்' என்று நன்னூல் சொல்வதுபோல நாமும் சொல்லின் முதல், இடை, கடை மூன்றிலும் சோதித்துத்தான் குறிக்கிறோம்.

நான்காவதான டிஸ்டார்ஷன்தான் சிக்கல். பிள்ளை 'சோறு' என்கையில் ச வேறோர் எழுத்தாக மாறவில்லை, ச-வாகவும் இல்லை. காற்று நாக்கின் நடுப்பள்ளத்தில் போகாமல் கடைவாய்ப் பக்கமாகச் சளசளவென்று பிரிகிறது. இதைச் 'சிதைவு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கருச்சிதைவு, மனச்சிதைவு என்றே கேட்டுப் பழகிய தாயிடம் "பிள்ளைக்கு ஒலிச்சிதைவு" என்றால் பதறிப்போவாள். 'ஒலிநழுவல்' என்று வைக்கலாமா? தன் இடத்தை விட்டு நழுவியது, இன்னோர் எழுத்தின் இடத்தில் போய்ச் சேரவில்லை. "ச நழுவுது" என்று தாயிடமும் சொல்லலாம்.

---

அக்கா, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு தடை மட்டும். அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு) உள்ள பிள்ளைக்கு நாக்கு சரியான இடத்தில் இருந்தும் காற்று மூக்கு வழியே கசியும். அங்கே நழுவியது எது?

---

அண்ணாச்சி, நழுவுவது ஒலி, நாக்கு அல்ல. காரணத்தை முன்னால் சேர்த்துக்கொள்வோம்: பல்லிடை நழுவல், பக்கக்காற்று நழுவல், மூக்குக்காற்று நழுவல்.

பல்லிடை நழுவலில் நாக்கு நுனி வெளியே தெரியும். பக்கக்காற்றுக்கு ஒரு ஸ்ட்ரா போதும். 'ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி முன்பல்லுக்கு நேரே பிடிக்கவேண்டும். கடைவாய்ப் பக்கம் நகர்த்தும்போது சத்தம் கூடினால் அதுதான். மூக்குக்காற்றுக்கு மூக்கின் கீழே சின்னக் கண்ணாடி. 'பாப்பா', 'காக்கா' போல மூக்கொலி இல்லாத சொற்களையே கொடுக்கவேண்டும். 'மாமா' என்றால் யாருக்கும் கண்ணாடி மங்கும். மாணவர்கள் தவறுவது இதில்தான்: பேசத் தொடங்கியபின் வைத்து, முடியுமுன் எடுத்துவிடவேண்டும். இல்லையென்றால் வெறும் மூச்சே ஆவியாகப் படிந்து ஏமாற்றிவிடும்.

இன்னொன்றும் இங்கேயே பேசி முடிக்கவேண்டும். நம் பக்கத்துப் பிள்ளை 'வாளப்பளம்' என்றால் திரிதல் என்று பதிந்துவிடுகிறார்கள். தாயையும் அதே படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவரும் ள என்றால் அது நெல்லைப் பேச்சு. பிழைக் கணக்கில் ஏறவே கூடாது. 'பஸ்ஸு', 'இஸ்கூலு' ஆகியவற்றில் வரும் தோன்றலும் அப்படித்தான். இல்லாத குறைக்குப் பிள்ளையை மாதக்கணக்கில் அலையவிடுவது பாவம்.

படிவத்தில் தோன்றல், திரிதல், கெடுதல், நழுவல் நான்குக்கும் பக்கத்தில் 'வட்டார வழக்கு' என்று ஐந்தாவது கட்டம் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.