வரிசையின் கடைசியில் கைமாறிய பலகை

2024 டிசம்பர் கடைசி வாரம் நாங்கள் ஐந்து பேர் டோக்கியோவில் இருந்தோம். கோமிகேவுக்காகவே போன பயணம் அது. இரண்டு வருடம் காசு சேர்த்து, அலுவலகத்தில் மூன்று மாதம் முன்பே லீவு சொல்லிவைத்துக் கிளம்பினோம். திரும்பி வந்ததிலிருந்து அங்கே சந்தித்தவர்களைப் பற்றி எழுதிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பார்த்த இடங்கள்கூட மங்கத் தொடங்கிவிட்டன, அந்த முகங்கள் மங்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காமிக் மார்க்கெட் என்பதைத்தான் எல்லோரும் கோமிகே என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும், கடலோரத்து அரியாக்கேயில் உள்ள டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் நடக்கும். 1975 டிசம்பர் 21 அன்று புத்தகம் போடும் 32 குழுக்களும் சுமார் 700 பேருமாக ஒரு சின்னக் கூட்டமாகத் தொடங்கியது. 2019 குளிர்காலத்தில் நான்கு நாட்களில் ஏழரை லட்சம் பேர் வந்தார்கள். நாங்கள் போனது 105ஆவது, டிசம்பர் 29, 30 இரண்டு நாட்கள். அங்கே விற்பது பெரும்பாலும் டோஜின்ஷி. பதிப்பகம் எதுவும் இல்லாமல் ரசிகர்களே எழுதி, வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்த புத்தகங்கள். ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே, சித்திரக்கதையான மங்கா சார்ந்தவைதான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். அது பாதிதான் உண்மை என்று உள்ளே போன பிறகு தெரிந்தது.

போவதற்கு முன் படித்ததில் ஒரு விஷயம் மனதில் தங்கியிருந்தது. கோமிகேவில் வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. புத்தகம் போடுபவர், வாங்க வருபவர், பிடித்த பாத்திரம் போல வேடம் போட்டு வருபவர், சம்பளம் வாங்காமல் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர் என்று எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: சங்காஷா, பங்கேற்பவர். படித்தபோது நல்ல கொள்கை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எங்கள் ஐவரில் ஒருத்தி தையல் தெரிந்தவள், எட்டு மாதமாக ஒரு உடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கல்லூரிக் கடைசி வருடம். இன்னொருவன் மேட்டுப்பாளையத்துக்காரன், ரயில் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நான். அப்புறம் அக்கா. ரத்த உறவில் அக்கா இல்லை, எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அக்கா. அனிமே ஒன்றுகூடப் பார்த்தவர் இல்லை, ஜப்பானைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் எங்களோடு சேர்ந்துகொண்டார். சைவம் வேறு. அங்கே சூப்பிலும் குழம்பிலும் மீனில் எடுத்த சாறு கலந்திருக்கும் என்பதால் ஒரு டப்பா உப்பு நார்த்தங்காயும் பருப்புப் பொடியும் இல்லாமல் அவர் அறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

முதல் நாள் ரின்காய் லைன் ரயிலில் போனோம். பெட்டியில் மூச்சுவிட இடமில்லை, ஆனால் பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோர் கையிலும் குறிப்புப் போட்ட வரைபடம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் கடல் காற்று முகத்தில் அறைந்தது. மூன்று டிகிரி பக்கம் இருக்கும். கையில் கட்டும் பட்டையை நுழைவுச்சீட்டாக முன்பே வாங்கி வைத்திருந்தோம், ஆனாலும் திறந்த வெளியில் வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டும். தம்பி மெல்லிய ஜாக்கெட் ஒன்றோடு வந்திருந்தான், பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

முன்னால் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா, மகளோடு வந்திருந்தார். திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து இரண்டு கைரோ எடுத்தார். கைரோ என்பது உதறினால் சூடாகும் சின்னப் பொட்டலம், ஜப்பானில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்றை அவன் கையில் வைத்தார், இன்னொன்றை முதுகில் ஒட்டிக்கொள்ளச் சொல்லித் தன் முதுகைத் தட்டிக் காட்டினார். மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. அம்மா ஹருமியில் நடந்த காலத்திலிருந்து வருகிறாராம். பிக் சைட்டுக்கு மாறியது 1996இல், அதற்கும் முந்தைய கதை அது. கல்யாணம் ஆன வருடமும் மகள் பிறந்த வருடமும் மட்டும் வரவில்லையாம். பத்தரை மணிக்குத் தொடக்க அறிவிப்பு வந்தது. உள்ளேயிருந்து மழை மாதிரி கைதட்டல் கேட்டது, வெளியே வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் சத்தம் வரும் என்றார்.

உள்ளே போனதும் தம்பி வேகமெடுத்தான். உடனே ஒரு தொண்டர், ஓடாதீர்கள் என்று சைகை காட்டினார். அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடும்போது அந்த ஒரு விதி எவ்வளவு முக்கியம் என்று சாயங்காலத்துக்குள் எங்களுக்கே புரிந்துவிட்டது. சிறிது நேரத்தில் ஒருவரையொருவர் தொலைத்தோம். கூட்ட நெரிசலில் செல்போன் இணைப்பு திணறியது. நல்லவேளையாக, வெளியே தரையில் புதைந்து நிற்கும் ராட்சத ரம்பச் சிற்பத்தின் கீழே சந்திப்பது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். கூட்டமாகப் போகிறவர்கள் இதை மட்டும் செய்துவிடுங்கள். நூறு யென், ஐந்நூறு யென் நாணயமாகச் சில்லறையும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவரிடம் பத்தாயிரம் யென் நோட்டை நீட்டுவது அவரைச் சங்கடப்படுத்தும்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு குழுவுக்குக் கிடைப்பது நீள மேசையில் பாதி, 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நாற்காலி. விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. அந்தச் சின்ன இடத்தில் ஒருவர் தன் ஒரு வருட உழைப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் அச்சுச் செலவு திரும்பினாலே சந்தோஷப்படுகிறவர்கள். புத்தகத்தைத் தொடும் முன் “மிதே மோ ஈ தெசு கா” என்று கேட்கவேண்டும், பார்க்கலாமா என்று அர்த்தம். கேட்டதும் அவர்கள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லித் திருப்பி வைக்கலாம், முகம் சுளிக்கமாட்டார்கள்.

மேட்டுப்பாளையத்து நண்பனின் கதை இந்த மேசைகளில் ஒன்றில்தான் நடந்தது. ரயில் பற்றிய புத்தகங்களுக்கென்றே தனி வரிசைகள் உண்டு. அங்கே நாற்பது வயதுக்காரர் ஒருவர், சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் உள்ள பெஞ்சுகளை மட்டும் படம் எடுத்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். 36 பக்கம், 500 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 270 ரூபாய். அலுவலக வேலை, சனி ஞாயிறில் மட்டும் போய் எடுத்தவை என்று துண்டு துண்டான ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு படத்தில் ஷிசுவோக்கா மலையில் ஓடும் இகாவா லைனின் ஸ்டேஷன். நண்பன் அதைப் பார்த்ததும் நிமிர்ந்தான். ஜப்பானில் இன்று பல்சக்கரம் வைத்து ஏறும் அப்த் முறை ரயில் அந்த ஒரு பாதையில்தான் இருக்கிறது. நம் நீலகிரி ரயிலும் கல்லாறிலிருந்து குன்னூர் வரை அதே அப்த் முறையில்தான் ஏறுகிறது. இவன் போனில் குன்னூர் ஸ்டேஷன் படத்தை எடுத்துக் காட்டி, “நீலகிரி, அப்த்” என்றான். அவர் எழுந்து நின்றுவிட்டார். “அப்புதோ ஷிகி!” என்றார், அப்த் முறை என்று அர்த்தம். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டே இருபது நிமிடம் பேசினார்கள். இரண்டு கை முஷ்டியையும் பல் பல்லாகக் கோத்து, சக்கரம் எப்படிப் பற்றும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். குன்னூரில் பெஞ்சு இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது, என் அப்பா அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார் என்று இவன் சொன்னதை அவருக்குப் புரியவைக்க நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடித்துக் காட்டவேண்டியிருந்தது.

தையல்காரத் தோழிக்கு அன்று மதியம் வெளி மொட்டைமாடியில் நேரம் போனது. வேடத்தோடு ரயிலில் வரக்கூடாது, வேடத்தோடு வீட்டுக்கும் போகக்கூடாது. உள்ளேயே பதிவு செய்து உடை மாற்றிக்கொள்ளவேண்டும். அவள் போட்டிருந்தது ஒரு தொடரில் நான்கு காட்சி மட்டும் வரும் துணைப் பாத்திரத்தின் உடை. யாருக்கும் அடையாளம் தெரியாது என்றே நினைத்திருந்தாள். அந்தக் குளிர்காற்றில் நின்றுகொண்டிருந்தபோது, அதே தொடரின் வேறு பாத்திரங்களாக வந்த இரண்டு பெண்கள் ஓடாமல், ஆனால் ஓடுகிற அவசரத்தோடு வந்து அவள் முன்னால் நின்றார்கள். ஒருத்திக்குக் கண் நிறைந்துவிட்டது. மூவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெண் இவளுடைய கைவிளிம்பைப் பிடித்துப் பார்த்து, தையலை விரலால் தடவி, தலையை மெல்ல ஆட்டினாள். எட்டு மாத உழைப்பை வேறு யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்று அன்று ராத்திரி எங்களிடம் சொன்னாள்.

அக்கா முதல் நாள் முழுக்க ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு நான் அசாகுசா கோயிலுக்குப் போகிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. கூட்டாகப் போனால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் வரவேண்டும் என்று இழுப்பதுதான் சண்டையில் முடிகிறது. காலையில் பார்த்தால் அவரே ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார். கைரோ கொடுத்த அம்மாவை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது.

கூட்டம் சேரும் மேசைகளின் முன் வரிசை நீளும்போது, கடைசியில் நிற்பவர் “சாய்கோபி” என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்திருப்பார். வரிசையின் கடைசி இதுதான் என்று அர்த்தம். புதிதாக ஒருவர் வந்து நின்றதும் பலகை அவர் கைக்குப் போகும். யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை, கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அக்கா எங்களைத் தேடிக்கொண்டு வந்து ஒரு வரிசையின் பின்னால் சும்மா நின்றிருக்கிறார். முன்னால் இருந்த பையன் குனிந்து வணங்கி, பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டான். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்ததைக் கீழே வைக்க மனசில்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். பச்சை ஸ்வெட்டர், நெற்றியில் பொட்டு, தலைக்கு மேல் ஜப்பானியப் பலகை. அடுத்து வந்த பெண் கை நீட்டியபோது அக்கா அந்தப் பையன் செய்தது போலவே குனிந்து வணங்கிக் கொடுத்தார். சங்காஷா என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அந்த நொடியில்தான் முழுதாகப் பிடிபட்டது.

சரி, வரிசையில் நின்றாயிற்று, என்னதான் விற்கிறார்கள் என்று முன்னால் போனால், அது உமேபோஷி போடுவது பற்றிய ஒரு புத்தகம்! உமே என்ற புளிப்புக் காயை உப்பில் ஊறவைத்துச் செய்யும் ஊறுகாய். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் பாட்டி செய்யும் முறையைப் பக்கம் பக்கமாக வரைந்திருந்தாள். எழுத்து ஒன்றும் புரியவில்லை, ஆனால் அக்காவுக்குப் படிக்கவே தேவைப்படவில்லை. உப்புப் போட்டு மேலே கல் வைக்கும் படம், உப்புநீர் மேலே ஏறும் படம், சிவப்பு ஷிசோ இலையைப் பிசைந்து போடும் படம், மூங்கில் தட்டில் மூன்று நாள் வெயிலில் காயும் படம். ஒவ்வொன்றிலும் விரல் வைத்து, “ஆமா, ஆமா” என்றார். தன் டப்பாவைத் திறந்து உப்பு நார்த்தங்காயைக் காட்டினார். அந்தப் பெண் குனிந்து முகர்ந்தாள். முகம் ஒரு கணம் சுருங்கி, அப்படியே சிரிப்பாக மாறியது. பின்னால் வரிசை நின்றதால் ரொம்ப நேரம் பேச முடியவில்லை. அக்கா ஒரு பிரதி வாங்கினார். அவள் கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஏதோ ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு முடிவு அறிவிப்பு. மறுபடி கைதட்டல், இந்த முறை நாங்களும் உள்ளே நின்று தட்டினோம். அக்கா கையுறையைக் கழற்றினார். வெளியே வரும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது, பின்னால் திரும்பிப் பார்த்தால் பலர் கிளம்பாமல் நின்று நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தாண்டு அன்று கண்டா மியோஜின் கோயிலுக்குப் போனோம். அனிமே, மங்கா கடைகளுக்குப் பெயர்போன அகிஹபாராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் வேண்டுதல் மரப்பலகைகளில் ரசிகர்கள் பாத்திரங்களை வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள். அவ்வளவு அழகு. அங்கே நின்ற வரிசையும் கோமிகேவுக்குச் சளைத்ததில்லை.

அன்று ராத்திரி, தங்கியிருந்த இடத்தின் வரவேற்பில் இருந்தவரிடம் அக்கா அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கையெழுத்து என்பதால் போன் செயலியால் படிக்க முடியவில்லை. அவர் படித்துச் சொன்னார்: புத்தகத்தில் காய் எடைக்கு நூற்றுக்குப் பதினெட்டு உப்பு என்று போட்டிருக்கிறேன், ஆனால் பாட்டி ஒருநாளும் அளந்து போட்டதில்லை.

“எங்க அம்மாவும்தான்” என்றார் அக்கா.

ஊருக்கு வந்த பிறகு, மாவடு வரும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. இந்த முறை தராசு எடுத்து வைத்து, நூற்றுக்குப் பதினெட்டு போட்டுப் பார்த்தாராம். கொஞ்சம் கரிக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.