7 நாள் ஜூஸ் டயட்: குறைவது கொழுப்பா, தண்ணீரா?

எடைமேடை (கேள்வி)

எடை 80 கிலோ, வயது 38, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஒரு வாரம் ஜூஸ் மட்டும் என்று ஒரு திட்டம் கையில் இருக்கிறது. காலை 7 முதல் இரவு 8 வரை 300 மிலி வீதம் ஆறு கிளாஸ். அதில் இரண்டு ஆப்பிள்-பீட்ரூட்-கேரட், இரண்டு பச்சை ஜூஸ் (பாலக்கீரை, வெள்ளரி, செலரி, பச்சை ஆப்பிள்), ஒன்று ஆரஞ்சு, ஒன்று அன்னாசி. எல்லாம் வடிகட்டியது, சர்க்கரை சேர்க்காதது. காபி, டீ, உப்பு கூடாது. வாரக் கடைசியில் 4 கிலோ குறையும் என்று போட்டிருக்கிறது.

சர்க்கரை நோய் கிடையாது. பிரஷருக்கு டெல்மிசார்டன் தினம் ஒன்று.

அந்த 4 கிலோ உண்மையா? ஒரு வாரம் முழுக்க வேண்டாம் என்றால் ஜூஸை வேறு எப்படிப் பயன்படுத்தலாம்? கோல்டு பிரஸ் மெஷின் (மெதுவாக நசுக்கிச் சாறு பிழிவது) வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

கணக்கர்

எடை மெஷினில் 3, 4 கிலோ குறைந்து காட்டும், அது பொய் இல்லை. ஆனால் அதில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொன்ன ஆறு கிளாஸும் சேர்ந்து சுமார் 700 கலோரி. பச்சை ஜூஸ் கிளாஸுக்கு 80 பக்கம், மற்றவை 130, 140. உங்கள் எடைக்கும் வேலைக்கும் நாளுக்கு 2,200 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தினசரிப் பற்றாக்குறை 1,500. ஏழு நாளில் 10,500. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, பற்றாக்குறை முழுவதும் கொழுப்பிலிருந்தே ஈடானால்கூட 1.3, 1.4 கிலோதான். முழுவதும் அப்படி ஈடாவதும் இல்லை, தசையும் கொஞ்சம் கரையும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து சுமார் அரை கிலோ கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதில் பாதி செலவானாலே 1 கிலோ இறங்கிவிடும். உப்பை நிறுத்துவதால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும். நார் இல்லாததால் குடலும் காலியாகும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாளில் இவை எல்லாம் திரும்ப ஏறிவிடும். அப்போது "டயட் தோற்றுவிட்டது" என்று மனம் விட வேண்டியதில்லை. அந்த எடை முதலிலேயே கொழுப்பு இல்லை, ஏறியதும் கொழுப்பு இல்லை.

எனக்கு இதில் பெரிய உறுத்தல் புரதம். எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். 80 கிலோவுக்கு 96 கிராம். இந்த ஆறு கிளாஸில் வருவது 10, 12 கிராம். பி12 சுத்தமாக இல்லை. கொழுப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் கேரட்டின் பீட்டா கரோட்டின்கூட சரியாக உடம்பில் சேராது. கேரட் ஜூஸ் குடித்துவிட்டு அதன் சத்தைக் கோட்டை விடுவது வேடிக்கைதான்.

பச்சைகிளாஸ்

கணக்கு சரி. ஆனால் ஜூஸை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். காய்கறியே தொடாத ஆளுக்கு ஒரு கிளாஸ் காய் ஜூஸ் லாபம்தான். பொட்டாசியம், ஃபோலேட், வைட்டமின் சி எல்லாம் வடிகட்டிய பிறகும் இருக்கும். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் ரத்தக் குழாயைத் தளர்த்தி பிரஷரைச் சில புள்ளிகள் இறக்கும். நொறுக்குத் தீனி, பொரித்தது, குளிர்பானம் எல்லாம் ஒரே நாளில் நிற்பதும் சிலருக்கு உதவும்.

"டீடாக்ஸ்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்று: "சர்க்கரை சேர்க்காதது" என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகாது. பழத்தைப் பிழிந்ததும் அதன் இனிப்பு உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்படி தனிச் சர்க்கரைக் கணக்கில்தான் (free sugars: சேர்த்த சர்க்கரை, தேன், ஜூஸின் இனிப்பு) வரும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உச்ச வரம்பு நாளுக்கு 50 கிராம். உங்கள் பட்டியலில் 140 கிராம் வாக்கில் வரும்.

மாத்திரைப்பெட்டி

டெல்மிசார்டன் என்று பார்த்ததும் எழுதுகிறேன். "சார்டன்" என்றோ "பிரில்" என்றோ முடியும் பிரஷர் மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும். நீர் பிரியக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் அப்படியே. சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்த அளவு ஜூஸைச் சமாளிக்கும். அது ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பில் கை வைக்கும். கூடவே நீங்கள் உப்பையும் நிறுத்துகிறீர்கள், உடம்பில் நீரும் குறைகிறது. பிரஷர் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு எடுப்பவர்களுக்குச் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதே நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் சாப்பாட்டை வெகுவாகக் குறைத்தால் மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோ அமிலத்தன்மை (ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வரக்கூடும். குமட்டல், வாந்தி, வேக மூச்சு என்றால் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரை ஜூஸைக் கூட்டினால் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கொலஸ்ட்ரால் மாத்திரைகளான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷர் மாத்திரையான நிஃபெடிப்பின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டாலும் பயன் இல்லை, அதன் தாக்கம் ஒரு நாளுக்கு மேல் இருக்கும்.

அடுத்தது பாலக்கீரை. 100 கிராம் பச்சைக் கீரையில் அரை கிராமுக்கு மேல் ஆக்சலேட் (சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஒரு பொருள்) உண்டு. தயிரோடு, சாப்பாட்டோடு சாப்பிட்டால் கால்சியம் அதைக் குடலிலேயே கட்டி வெளியே தள்ளிவிடும். வெறும் வயிற்றில் ஜூஸாகப் போனால் கட்ட ஆள் இல்லை; நேரே ரத்தத்துக்கும் அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் போகும். பச்சை ஜூஸால் சிறுநீரகம் திடீரென்று பழுதான நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே நாளில் சேர்வது இரட்டைச் சுமை. கீரை வேண்டுமென்றால் லெட்டூஸ் அல்லது கேல் போடுங்கள், அவற்றில் ஆக்சலேட் குறைவு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பித்தப்பையும் ஒரு கவலை. கொழுப்பே உள்ளே போகாதபோது பித்தப்பை சுருங்கிக் காலியாகாது. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம்.

எடைமேடை

நன்றி. ஒரு வாரத் திட்டத்தைக் கைவிடுகிறேன். ஒரு வேளைக்கு மட்டும் என்றால் எப்படி?

மிக்ஸிஜார்

ஒரு வேளைக்குன்னா வடிகட்டாதீங்க, அரைச்சு அப்படியே குடிங்க. ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸுக்கு மூணு நாலு பழம் பிழியணும். அந்தப் பழங்களில் 9 கிராம் நார் இருந்ததுன்னா கிளாஸில் மிஞ்சுறது 1 கிராம்கூட இல்லை. நாலு பழத்தை உரிச்சுத் தின்னு பாருங்க, ரெண்டாவதிலேயே வயிறு போதும்னு சொல்லும். 1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனையில் ஆப்பிளை முழுசா, மசிச்சு, ஜூஸா மூணு விதமா கொடுத்துப் பார்த்தாங்க. வயிறு நிறைஞ்ச உணர்வு ஜூஸில்தான் ரொம்பக் குறைவு, இன்சுலினும் முழு ஆப்பிளைவிட அதில் அதிகமா ஏறியது.

அளவு: வெள்ளரி 150 கிராம், கேரட் 50 கிராம், பாதி பச்சை ஆப்பிள் தோலோடு, இஞ்சி ஒரு சின்னத் துண்டு, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணி 100 மிலி. கேரட்டையும் இஞ்சியையும் பாதித் தண்ணியோட முதல்ல அரைங்க, அப்புறம் மத்தது. எல்லாத்தையும் ஒண்ணா போட்டா வெள்ளரி கூழாகி கேரட் துண்டு துண்டா நிக்கும். இது சுமார் 90 கலோரி, நார் 4 கிராம் கிட்ட. கூடவே ரெண்டு முட்டை, இல்லன்னா ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் பத்து பாதாமும். மொத்தம் 250, 300 கலோரிக்குள்ள ஒரு வேளை முடிஞ்சது. மத்த ரெண்டு வேளை வழக்கமான சாப்பாடு. நாளுக்கு 500 கலோரி குறைஞ்சா வாரத்துக்கு அரை கிலோ கிட்ட இறங்கும். மெதுவாத்தான் இறங்கும், ஆனா கொழுப்பு இறங்கும்.

காய் மூணு பங்கு, பழம் ஒரு பங்கு. இதை மாத்தி பழத்தை ஏத்துனீங்கன்னா அது டயட் இல்ல, டெசர்ட்.

வெள்ளரி, சுரைக்காய் மாதிரி கொடிக்காய் எதுவானாலும் அரைக்கிறதுக்கு முன்னாடி நுனியில ஒரு துண்டு வெட்டி நாக்கில வெச்சுப் பாருங்க. கசந்தா மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்க. அந்தக் கசப்பு விஷம். எலுமிச்சையோ தேனோ விட்டு மறைச்சுக் குடிச்சா கடும் வாந்தி, வயித்துப்போக்கு வரும்.

மெஷின் விஷயம்: சாதாரண ஜூஸரைவிட கோல்டு பிரஸ்ல சாறு கூடுதலா வரும், நுரை குறைவு, நிறம் சீக்கிரம் மாறாது. ஆனா நார் சக்கையோட போறது ரெண்டுலயும் ஒண்ணுதான். எடை குறைக்க அது தேவையில்லை, வீட்டு மிக்ஸி போதும். செஞ்ச உடனே குடிங்க. வைக்கணும்னா கழுத்து வரைக்கும் நிரப்பி மூடி, ஃபிரிட்ஜில 4 டிகிரிக்குக் கீழே, ஒரு நாளுக்குள்ள. சூடாக்காத சாறில் கிருமி வளரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் பழையதைத் தொடவே வேண்டாம்.

எடைமேடை

காபியை ஒரேயடியாக நிறுத்தலாமா? பீட்ரூட் குடித்தால் சிறுநீர் சிவப்பாகப் போவது ஆபத்தா?

மாத்திரைப்பெட்டி

காபியை நிறுத்தத் தேவையில்லை. ஜூஸ் டயட்டின் இரண்டாம் நாள் தலைவலியை "நச்சு வெளியேறுகிறது" என்பார்கள். பெரும்பாலும் அது காஃபின் நின்றதால் வருவது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். விடத்தான் வேண்டுமென்றால் தினமும் குடிக்கும் அளவில் வாரத்துக்கு ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சிவப்புச் சிறுநீர் பீட்ரூட்டின் நிறமிதான். நிறுத்திய இரண்டு நாளில் போய்விடும், போகாவிட்டால் பரிசோதிக்க வேண்டும். எலுமிச்சை சேர்த்ததை ஸ்ட்ரா வைத்துக் குடித்து, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரமாவது கழித்துப் பல் தேயுங்கள்.