மறு: 'புராஜெக்ட் கான்டெக்ஸ்ட்' – திட்டச் சூழமைவு?

குழுவினருக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் 'புராஜெக்ட் கான்டெக்ஸ்ட்' என்பதற்கு 'திட்டச் சூழமைவு' என்று வைக்கலாம் என்றதற்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது.

> 'திட்டப் பின்புலம்' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, வேறொன்றாகப் புரியும். பின்புலம் என்றதும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும் பழைய வரலாறுதான் நினைவுக்கு வருகிறது. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சரில் (ஒரு நிறுவனத்தின் வேலைகளும் மென்பொருள்களும் எப்படி இணைகின்றன என்று வரைந்து காட்டும் துறையில்) கான்டெக்ஸ்ட் என்று வரைவது, இன்றைக்குத் திட்டத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஆட்களையும் கருவிகளையும். தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாறு வழியாகச் சரக்கு அனுப்பும் லாரி அலுவலகத்தின் பில் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடி போனபோது, அந்த வரைபடத்தில் ஒரு பெட்டியே காணாமல் போனது. பின்புலம் அப்படிக் காணாமல் போகுமா?

> சுருக்கமாகச் 'சூழல்' என்று வைக்கலாம்.

அதை வேறொன்றுக்கு விட்டுவைக்க வேண்டும். ஆர்க்கிடெக்சரை எப்படி விவரிப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 42010 தரத்தின் 2011 பதிப்பு, ஒரு சிஸ்டத்தைப் பாதிக்கும் அனைத்தையும் என்விரான்மென்ட் என்கிறது. தொழில்நுட்பம், வணிகம், சட்டம், அரசியல், சமூகம், சூழலியல்கூட அதில் அடங்கும். அதுவே சூழல். அதிலிருந்து இந்தத் திட்டத்துக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து, எல்லை போட்டு வரைவதைச் சூழமைவு எனலாம். மொழியியலார் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

சிக்கல், 'ஆர்கனைசேஷனல் கான்டெக்ஸ்ட்', 'டெக்னிக்கல் கான்டெக்ஸ்ட்' என்று அதை இரண்டாகப் பிரிக்கும்போது வரும் அடைமொழியில் இருக்கிறது. 'ஆர்கனைசேஷனல்' என்பதற்கு 'நிறுவன' என்று போட்டுவிட்டால் 'என்டர்பிரைஸ்' என்பதற்கு என்ன மிஞ்சும்? 'அமைப்பு' என்றால் சிஸ்டத்துக்கு வழங்கும் சொல்லோடு மோதும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நீர்ப் பங்கீட்டைக் கணக்கிட ஒரு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. 1970 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். மேற்பார்வைக்கு இரு மாநிலக் கூட்டு வாரியம் உண்டு. இதில் எந்த 'நிறுவன'த்தின் சூழமைவை வரைவது? நமக்குத் தெரிய வேண்டியது, மதகைத் திறக்கச் சொல்வது யார், அளவைச் சரிபார்ப்பது யார், தகராறு வந்தால் யாரிடம் போவது என்பவைதான். ஆகவே 'நிர்வாகச் சூழமைவு' என்கிறேன். நீர்மட்ட அளவிகள், தரவு அனுப்பும் இணைப்பு, இரு பக்கத்துத் தரவுத்தளங்கள் எல்லாம் 'தொழில்நுட்பச் சூழமைவு'. இரண்டையும் தனித்தனியாக வரைந்துவிட்டு, எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்று கோடு இழுத்து இணைக்க வேண்டும். இத்தகைய வரைபடங்களுக்கான குறியீட்டு மொழியான ஆர்க்கிமேட் வணிகம், பயன்பாடு, தொழில்நுட்பம் என்று அடுக்கு பிரிப்பதும் இப்படி இணைத்துப் பார்ப்பதற்காகத்தான்.

'நிர்வாகம்' வடசொல் என்று சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். 'மேலாண்மை' மேனேஜ்மென்டுக்கும் 'ஆளுகை' கவர்னன்ஸுக்கும் போய்விட்டன. மூன்றாவதாக நல்ல சொல் வைத்திருப்பவர் தரட்டும். இல்லையென்றால் 'நிர்வாகச் சூழமைவு', 'தொழில்நுட்பச் சூழமைவு' இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

பட்டியலில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதற்கு நேரே 'பங்குதாரர்' என்று இருப்பதையும் யாராவது மாற்றுங்கள். சித்தூர் விவசாயி கேட்பது தண்ணீரில் பங்கு, கம்பெனியில் அல்ல. 'தொடர்புடையோர்' என்றாலே போதும்.