ஒரே போனுக்கு மூணு ஆப், நாலு லாகின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:

போன வாரம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. போனையும் லேப்டாப்பையும் இணைக்கிற ஆப் பற்றி எல்லோருக்கும் தெரியும். என் லேப்டாப்பில் அது மூன்று. விண்டோஸோடு வந்தது ஒன்று, போன் கம்பெனி இறக்கச் சொன்னது ஒன்று, லேப்டாப் கம்பெனி தன் பங்குக்குப் போட்டு அனுப்பியது ஒன்று. மூன்றும் செய்வது ஒரே வேலை, மூன்றுக்கும் தனித்தனி லாகின். கொலுசு டிசைன் படங்களை லேப்டாப்புக்கு மாற்றுவதற்குத்தான் நான் இதையெல்லாம் போட்டேன். கால் எடுக்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்?

எதிரே வெளியூர்ப் பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார். தராசில் ஆறு ஜோடி, 412 கிராம் என்று நிற்கிறது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பேசி முடித்து, கூலியில் இழுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறையிலிருந்து மச்சான் கூப்பிட்டான். போன் மேஜையில் அதிர்கிறது, லேப்டாப் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டி, மூன்றிலும் மச்சான் பேர். மேலே இருந்ததை மூடினேன். அந்த இடத்துக்கு அடுத்தது ஏறி வந்தது, என் இரண்டாவது கிளிக் பச்சையில் விழுந்தது. முந்தின நாள் பாட்டுக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறைக்காமல் விட்டிருக்கிறேன்.

“மாமா, வெளியூர்ப் பார்ட்டிதானே, கூலிய கிலோவுக்கு ஐந்நூறு ஏத்தியே சொல்லுங்க. அந்தாளு ஒண்ணும் கேக்கமாட்டாரு.”

பார்ட்டி தராசைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். இரண்டு நொடி அமைதி. அப்புறம் மேஜையில் இருந்த போனிலிருந்து, “கேக்குதுங்களா மாமா?”

மிளகுக்கொடி:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். என்னுடையது லாகின் கதை.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தோட்டம். புதுப் போன் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பழைய போன் சேலம் வீட்டில், அம்மா பக்திப்பாட்டு பார்ப்பதற்கு. தோட்டத்தில் சிக்னல் வருவது ஒரே இடத்தில், சில்வர் ஓக் மரத்தடியில். அங்கே போய் நின்று புதுப் போனில் மெயில் ஐடியைப் போட்டால், ‘உங்கள் மற்ற சாதனத்தில் உறுதிசெய்யவும்’ என்கிறது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டது. சரி, யாரோ என் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று வயிறு கலங்கிப்போனது.

கடைசியில் அம்மாவே கூப்பிட்டார். “ஏஞ்சாமி, இந்தப் பழைய போனு நொய்நொய்னு கேட்டுட்டே இருக்குது. உள்நுழைய முயல்வது நீங்கள்தானான்னு. நான் இல்லைன்னு அமுக்கிட்டேன்.”

“ஏம்மா இல்லைன்னு அமுக்குன?”

“நான் எங்க சாமி உள்ள நுழைஞ்சேன்? வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருக்கேன்.”

அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதற்குள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். போனிலேயே சொல்லி அமுக்கச் சொல்லலாம் என்றால், மறுபடி கேட்கவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, வீட்டில் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து நானே ‘ஆம்’ அமுக்கிவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

ஜங்ஷன்வாசி:

கொலுசு சார், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது ஆப்பின் தப்பு இல்லை, உங்கள் தப்பு. எனக்கும் ஒரு முறை மீட்டிங் நடுவில் லேப்டாப் மணியடித்தது, அன்றைக்கே சரிபண்ணிவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விண்டோஸோடு வருகிற ஆப் கால் எடுப்பது புளூடூத் வழியாக. ஆண்ட்ராய்டு போன் என்றால், படம் மாற்றவும் மெசேஜ் பார்க்கவும் அது தேவையில்லை. அமைப்பில் ‘கால்ஸ்’ என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள், மச்சான் இனி லேப்டாப்பில் பேசமாட்டார். அடுத்து, இந்தக் குழப்பத்தில் பாதி, ஆப்பின் பேர் மாறியதால் வருகிறது. 2018-இல் அந்த விண்டோஸ் ஆப்பின் பேர் யுவர் போன். போனில் போடுகிற ஜோடி ஆப்புக்கு யுவர் போன் கம்பேனியன் என்று பேர். 2022-இல் கணினியில் உள்ளது போன் லிங்க் ஆனது, போனில் உள்ளது லிங்க் டு விண்டோஸ் ஆனது. பழைய பேரைத் தேடி, கிடைக்காமல், வேறு எதையோ இறக்கி வைத்திருப்பவர்கள் நிறைய. அதேபோல படம், கோப்பு அனுப்புகிற நியர்பை ஷேரும் குவிக் ஷேரும் 2024 ஜனவரியில் ஒன்றாகிவிட்டன, பேர் குவிக் ஷேர். இரண்டையும் இன்னும் தனித்தனியாகத் தேடாதீர்கள். படம் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் கேடிஇ கனெக்ட் என்கிற ஆப் போதும். லாகினே கிடையாது, போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் சரி. இன்னொன்று, ஓடிபியை லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம் என்று நம்பி உட்காராதீர்கள். ஆண்ட்ராய்டு 15-லிருந்து ஓடிபி உள்ள அறிவிப்பை மற்ற ஆப்களுக்குக் காட்டாமல் மறைத்துவிடும். அது பாதுகாப்புக்காக, பழுது இல்லை. வாட்ஸப்பை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் 14 நாளுக்கு ஒருமுறையாவது போனில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் லேப்டாப்பில் தானாக வெளியேறிவிடும். இதெல்லாம் தெரியாமல் ஆப்பைத் திட்டுவது நியாயமில்லை.

மிளகுக்கொடி:

சார், யாரும் வழி கேட்கவில்லையே. அனுபவம்தானே கேட்டார்கள்.

காந்தி ஸ்டேடியம் ரவுண்டு:

எனக்குச் சிரிக்க வரவில்லை. அப்பாவின் வாட்ச்.

டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் ஸ்டேடியம். கையில் நான் கட்டிவிட்ட வாட்ச். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் அன்றைய எண்ணைப் பார்ப்பார், ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தால் ஒரு தோசை கூடப் போடச் சொல்வார். அந்த வாட்சுக்கு ஒரு ஆப், போனோடு வந்த உடல்நல ஆப் இன்னொன்று. இரண்டும் எண்ணும், இரண்டும் வேறு வேறு எண் காட்டும். அப்பா பெரிய எண்ணைத்தான் ஒப்புக்கொள்வார், அது வேறு விஷயம்.

அவருக்குப் புதுப் போன் வாங்கினேன். வாட்சை இதில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அதை ரீசெட் பண்ண வேண்டுமாம். பண்ணினேன். கணக்கில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய போனில் யார் ஐடி போட்டிருந்தேன் என்று நினைவில்லை, என்னுடையதா, தம்பியுடையதா, அப்பாவுக்கென்று அவசரத்தில் ஆரம்பித்த ஒன்றா. மூன்றிலும் நுழைந்து பார்த்துவிட்டேன். ஒன்றில் தம்பியின் எடை இருக்கிறது. ஒன்றில் ஒன்றுமே இல்லை. அப்பாவின் பேரில் உள்ளதற்குக் கடவுச்சொல் தெரியவில்லை, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று.

மறுநாள் ராத்திரி திறந்து பார்த்தார். அன்றைய நடை மட்டும் இருந்தது, அதற்கு முந்தின கட்டங்களெல்லாம் காலி. விரலால் பின்னால் தள்ளினார், இன்னும் தள்ளினார். “அப்ப நான் நடந்ததெல்லாம்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு எக்ஸ்ட்ரா தோசை கேட்கவில்லை.

நாலு ரோடு சர்வீஸ்:

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், நானும் சொல்கிறேன். ஜங்ஷன்வாசி சார், எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு ‘அமைப்பு’ எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அவர்களிடம் போய் உங்கள் தப்பு என்று சொல்ல முடியுமா?

கன்னங்குறிச்சிக்கார அம்மா ஒருவர் வந்தார். மேசையில் தினக் காலண்டர் தாளை விரித்தார், பின்பக்கம் முழுக்க ஐடிகள். ஒவ்வொரு போன் வாங்கும்போதும் கடைப் பையன் புதுசாக ஒன்று ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். மொத்தம் ஐந்து. எதிலும் அவர் பேர் சரியாக இல்லை. பேரன் போனை ரீசெட் பண்ணிவிட்டானாம், இப்போது போன் பழைய கணக்கைக் கேட்கிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்த ஏற்பாடு இது. திருடினவன் ரீசெட் பண்ணி விற்கக்கூடாது என்பதற்காக. அமைப்பில் போய்க் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் பண்ணியிருந்தால் கேட்டிருக்காது. ஐந்தையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் சேரவில்லை. ஆறாவதாக ஒன்று இருந்திருக்கிறது, அது அந்தக் கடைப் பையனின் சொந்த மெயில். பையன் இப்போது திருப்பூரில். அவன் நம்பரைத் தேடிப் பிடித்து, ஓடிபி கேட்டு, போனைத் திறக்க ரெண்டு மணி நேரம். அந்த அம்மா கூலி எவ்வளவு என்று கேட்டார். அந்தத் தாளைக் கொடுத்தால் போதும், சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். தரவில்லை. மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டேடியம் நண்பரே, அப்பா பேரில் உள்ள கணக்கு எந்த நம்பரில் ஆரம்பித்தது? அந்த சிம் இன்னும் கையில் இருந்தால் கடைக்கு வாருங்கள்.

காந்தி ஸ்டேடியம் ரவுண்டு:

சிம் அவரிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன் அண்ணா.

ஜங்ஷன்வாசி:

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். கொலுசு சார், கால்ஸை அணைத்தீர்களா இல்லையா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:

அணைத்துவிட்டேன் சார், நன்றி. இரண்டில். மூன்றாவதில் அணைக்கப் போனால் முதலில் லாகின் பண்ணு என்கிறது.

மிளகுக்கொடி:

அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பார்ட்டி வாங்கினாரா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:

வாங்கினார். ஐந்நூறு ஏற்றச் சொன்னார்கள் இல்லையா, அதை இறக்கிப் போடுங்கள் என்றார். போட்டேன். பில் போடும்போது மச்சான் மறுபடி கூப்பிட்டான், எடுக்கவில்லை.