மறுமொழி: இங்க் புரொஃபைல் – மைப்பங்கீடு என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். படம் அச்சிடும்போது மை விழும் அளவைத் தாளுக்கேற்ப வகுக்கும் 'இங்க் புரொஃபைல்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தார்கள், மூன்று நாளாக எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'மைச் சுயவிவரம்' வேண்டவே வேண்டாம், அது வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் எழுதித் தருவது, மைக்கு ஏது சுயம்? 'மைச் சாதகம்' என்று கோவை அண்ணன் விளையாட்டாகச் சொன்னதில் பாதி சரி. அச்சுப்பொறி, மை, தாள் மூன்றுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் இந்த வேலை, ஒன்றை மாற்றினாலும் பழைய கணக்கு செல்லாது. ஆனால் சாதகம் உள்ளதைச் சொல்லும், அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான். புரொஃபைல் என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஐசிசி புரொஃபைல் என்பது, இந்தக் கருவி இந்தத் தாளில் இப்படித்தான் நிறம் காட்டும் என்று அளந்து எழுதிவைத்த குறிப்பு. குவாட்டோன் ரிப் மாதிரி மென்பொருளில் கருப்பு வெள்ளைக்காக நாம் செய்வதோ, எந்தச் சாம்பல் படிக்கு எந்தக் குப்பியிலிருந்து எவ்வளவு மை விழ வேண்டும் என்கிற உத்தரவு. முன்னதற்கு 'நிறக்குறிப்பு' போதும். பின்னதற்கு நான் சொல்வது 'மைப்பங்கீடு'.

ஏன் பங்கீடு? எப்சன் அச்சுப்பொறிகளுக்கான கே3 என்ற மைவரிசையில் கருப்பு மட்டும் மூன்று: அடர்கருப்பு, இளங்கருப்பு, அதைவிட வெளிறிய இன்னொன்று. முகத்தின் வெளிச்சப் பகுதியை அடர்கருப்பின் புள்ளிகளால் அச்சிட்டால் மிளகுத்தூள் தூவியதுபோல் தெரியும், அதனால் அங்கே வெளிறிய மை நிறைய விழ வேண்டும், நிழலுக்குப் போகப் போக இளங்கருப்பு வந்து சேர வேண்டும், கடைசி இருட்டில்தான் அடர்கருப்பு. எங்கே ஒன்று ஓய்ந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மையையும் தனித்தனியே படிப்படியாக அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, அளக்கிறோம். என் பருத்தித் தாளில் இளங்கருப்பு முழுவதும் விழுந்தாலும் அடர்கருப்பு நூற்றுக்கு 32 விழுந்த அளவுக்குத்தான் இருட்டியது. அதற்கு மேல் இருட்ட அடர்கருப்பு வந்தாக வேண்டும், ஆக இந்த 32-தான் பங்கீட்டின் உயிர்.

'பங்கீட்டு அட்டை' ஞாபகம் வருகிறது, ரேஷன் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொல்வார் என்று தெரியும். அடிக்கட்டுமே! பளபளப்பில்லாத மேட் தாளில் ஓர் அளவுக்கு மேல் மை ஊற்றினால் கருப்பு அதிகமாவதில்லை, தாள் ஊறிப்போய் நிழலின் நுணுக்கம்தான் கலங்கும். ஆக 'இவ்வளவுக்கு மேல் கிடையாது' என்று நிறுத்துவதும் இந்த வேலைதான். அந்த இங்க் லிமிட்டுக்கு 'மைவரம்பு' என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நான் இதில் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 1867 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த பழைய கூலியாட்கள் படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும், அந்தக் காலப் படங்கள் பல மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எங்கள் பூட்டனார் படத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருந்தது, அதைப் பெரிதாக்கி ஒரு கடையில் அச்சிடக் கொடுத்தேன். வண்ண மைகளைக் கலந்து சாம்பல் ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருந்த மனிதர் ராத்திரி கூடத்து விளக்கில் பச்சை பூத்தார், காவடிக்கு வந்திருந்த அத்தை 'என்னப்பா, பாசி பிடித்திருக்கிறதே' என்றார். கருப்பு மைகளே பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கார்பன் கருப்பு கொஞ்சம் பழுப்புச் சாயலில் இருக்கும், அதைத் தணிக்க நீலம் துளி போதும். பங்கு என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சொல் நாக்கில் புழங்குமா என்று பார்த்தேன்: 'இந்தத் தாளுக்குப் பங்கீடு போட்டாயா?' 'பழைய பங்கீட்டிலேயே அடித்துவிட்டேன், நிழல் அடைத்துக்கொண்டது.' எனக்குச் சரியாகவே வருகிறது. இங்கே கடைகளில் பிரெஞ்சு வழக்கில் 'ப்ரொஃபில்' என்பார்கள், அவர்களோடு பேசும்போது நானும் அதையே சொல்வேன், அது வேறு.

லீனியரைசேஷன் பாக்கி இருக்கிறது. வெள்ளையிலிருந்து கருப்பு வரை அச்சிட்டு அளக்கும் சோதனைப் பட்டையின் 21 படிகளும் சம இடைவெளியில் இருட்டிவர வைக்கும் திருத்தத்துக்கு 'நேர்கோடாக்கம்' என்கிறார்கள், ஆனால் எந்தப் படிக்கு எவ்வளவு மை என்று காட்டும் அந்த மைவளைவைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு நேர்கோடும் கிடையாது. 'படிச்சீராக்கம்' எப்படி?